சொக்சோவின் ‘இலாட்’ பென்சன்: 60க்கு முன்பே உடம்பு கைவிட்ட தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு தூரம் துணை?

மலேசியாவில் சட்டப்படி ஓய்வு வயது 60. 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் இதுதான் குறைந்தபட்சம். ஆனால் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், எல்பில், கமுனிங், ஹீவூட், டவன்பி என்று எந்தப் பக்கம் போனாலும், 52, 54, 56 வயதிலேயே பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் இடத்துக்கு, வருவதை நிறுத்திக்கொண்டவர்களைப் பார்க்கலாம். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “உடம்பு முடியல.” அப்படி முடியாமல் போனவருக்கென்றே மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து நடத்தப்படும் ஒரு சேவை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமைத் திட்டம். மக்கள் வாயில் ‘இலாட் பென்சன்’. அந்தச் சேவையை ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணால் பார்த்து மதிப்பிடும் கட்டுரை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் நல்ல பணம். விதிகளும் பலர் நினைப்பதைவிட இளக்கமானவை. ஆனால் வேலையில் இருக்கும்போதே கதவைத் தட்டுகிறவருக்குத்தான் அது முழுதாகத் திறக்கும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவருக்குப் பாதிக் கதவுதான். சிலருக்கு அதுவும் இல்லை.

முதலில் உடம்பு ஏன் 60 வரை தாங்குவதில்லை என்பதைப் பார்க்கவேண்டும். மனுவில் எழுதவேண்டியதே அதுதான். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் இடுப்பு உயரத்தில் குலை தள்ளும். அப்போது உளிக் கம்பு போதும். குனிந்து குத்தினால் குலை விழுந்துவிடும். மரம் ஆளைத் தாண்டி வளர்ந்ததும் உளி போய், நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள் வரும். இருபதாம் ஆண்டில் மரம் பத்து மீட்டரை நெருங்கும். முப்பது வயதில் நட்ட மரத்தை ஐம்பது வயதில் வெட்டுகிறவர், தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கி, வளைந்து ஆடும் கம்பை நிமிர்த்திப் பிடித்து, மட்டையை முதலில் இறக்கி, பிறகு குலைக் காம்பில் கத்தியைப் பதித்து இழுக்க வேண்டும். விழும் குலை 15 கிலோ, 20 கிலோ, சில நேரம் அதற்கும் மேல். அதைக் கொக்கியால் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போடவேண்டும். பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு முறை அதே மரத்துக்குத் திரும்பி வரவேண்டும். மரம் வளர வளர வேலை கனக்கிறது, அதே ஆண்டுகளில் ஆள் தளர்கிறார். ரப்பரில் இந்தத் தொல்லை இல்லை. பால் மரம் ஆள் உயரத்துக்குள்ளேயே வெட்டுக்கு நிற்கும். ரப்பர் குறைந்து செம்பனை வந்தபோது, வயதானவர் நின்று நிதானமாகச் செய்யக்கூடிய வேலையும் கூடவே குறைந்துபோனது.

முதலில் போவது தோள். அடுத்து கழுத்து, இடுப்பு, முழங்கால். இவற்றோடு சேர்ந்து, சத்தமில்லாமல், இனிப்பு நீர். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்றவர்களைவிட அதிகம் என்பதை நாட்டின் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ரப்பர் பூட்ஸுக்குள் ஈரக் காலில் வந்த சிறு கொப்புளம் உணர்ச்சியில்லாத பாதத்தில் புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போகும். இல்லையென்றால் சிறுநீரகம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவர் எந்தப் பெரட்டுக்கு வரமுடியும்?

குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இன்னொரு அடியும் உண்டு. வேலை நிற்பதற்கு முன்பே சம்பளம் இறங்கத் தொடங்கிவிடும். இது பென்சன் தொகையையும் தொடும். கீழே வருகிறது.

இப்போது சேவைக்கு வருவோம். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் சொக்சோ என்ற வரியில் உங்கள் பங்கு 8 வெள்ளி 25 சென் இருக்கவேண்டும். முதலாளி தன் பங்காக 28 வெள்ளி 85 சென் கட்டுகிறார். பக்கத்திலேயே வேலைக் காப்புறுதிக்கு 3 வெள்ளி 30 சென். 60 வயதுக்குக் கீழ் இருக்கும் ஒருவருக்குச் சொக்சோ வரியில் பிடித்தம் எதுவும் இல்லையென்றால் உடனே கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) கேளுங்கள். உங்களை இரண்டாம் வகையில் போட்டிருக்கலாம். அந்த வகையில் முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு கட்டுவார். வேலை விபத்துக்கு அது காப்பு, இயலாமைக்கு இல்லை. அது 60 தாண்டியவர்களுக்கும், 55க்குப் பிறகு முதன்முறையாகச் சந்தா கட்டத் தொடங்குகிறவர்களுக்கும் உரியது. சம்பளச் சீட்டில் ஒரு வரி மாறிக் கிடந்தால் பின்னால் பென்சனே இல்லாமல் போகும்.

தகுதிக்கு மூன்று படி. சொக்சோவிடம் இயலாமை நோட்டீஸ் கொடுக்கும்போது 60 வயது ஆகியிருக்கக் கூடாது. முன்பு இது 55ஆக இருந்தது, 2013இல் 60 ஆனது. “எனக்கு 55 தாண்டியாச்சு, இனி கிடைக்காது” என்று இன்றும் சிலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது பழைய கணக்கு. அடுத்து, நோய் நிரந்தரமானது என்றும், அதனால் ஒரு நல்ல ஆள் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இவரால் சம்பாதிக்க முடியாது என்றும் மருத்துவக் குழு சொல்லவேண்டும். கடைசியாக, சந்தா மாதங்கள் போதிய அளவு இருக்கவேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முழு ஓய்வூதியத்துக்கு இரண்டு வழி. நோட்டீஸுக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்கவேண்டும். இல்லையென்றால், முதன்முதலில் சந்தா கட்டிய நாளிலிருந்து இன்றுவரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்கவேண்டும், குறைந்தது 24. முதல் வழியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைவிடாமல் சந்தா கட்டி வந்தவர் வேலையை விட்ட பிறகு 16 மாதம் வரைதான் அந்த 40க்குள் 24 நிற்கும். பதினேழாம் மாதம் 23 ஆகிவிடும். காலில் புண் ஆறும் வரை பார்ப்போம், தீபாவளி கழியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர் ஒன்றரை வருடத்தைத் தாண்டியதே தெரியாமல் தாண்டிவிடுகிறார்.

தாண்டிவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருந்தால் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் உண்டு. உதாரணத்துக்கு, முதல் சந்தா கட்டி 30 வருடம், அதாவது 360 மாதம் ஆகிறது. முதல் 15 வருடம் தோட்ட நிர்வாகத்தில் வேலை, 180 மாதச் சந்தா. பிறகு 15 வருடம் கொந்தரக்குக் (ஒப்பந்தக்காரரிடம்) கூலி, ஒரு சென் சந்தாவும் இல்லை. மூன்றில் இரண்டு என்றால் 240 வேண்டும், இவரிடம் இல்லை. மூன்றில் ஒன்று என்றால் 120, இவரிடம் 180 இருக்கிறது. இவருக்குக் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் கிடைக்கும். இவரைப் போன்றவர்கள்தான் தங்களுக்கு எதுவுமில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலேயே இருக்கிறார்கள். பழைய தோட்டம் விற்கப்பட்டுப் பெயரே மாறியிருந்தாலும் அங்கே கட்டிய சந்தா உங்கள் கணக்கில்தான் இருக்கும். இந்த எந்தக் கணக்கிலும் சேராமல், ஆனால் 12 மாதச் சந்தாவாவது இருப்பவருக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள்.

எவ்வளவு வரும்? முழு ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தின் 50 விழுக்காட்டில் தொடங்கும். முதல் 24 மாதத்துக்கு மேல் ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு கூடி, 65இல் நிற்கும். சராசரி என்பது உங்கள் கையில் வாங்கிய தொகை அல்ல, சந்தாப் பட்டியலில் உள்ள அனுமானச் சம்பளம். 1,600க்கு மேல் 1,700 வரை வாங்குகிறவருக்கு அது 1,650 வெள்ளி. இருபது வருடம் கட்டியவருக்கு 65 விழுக்காடு, அதாவது மாதம் 1,072 வெள்ளி 50 சென். எட்டு வருடம் கட்டியவருக்கு 56 விழுக்காடு, 924 வெள்ளி. குறைக்கப்பட்டது என்றால் 50 விழுக்காடு, 825 வெள்ளி. எந்த நிலையிலும் நிர்ணயித்த ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் கீழ் போகாது. அடுத்தவர் உதவியில்லாமல் எழுந்து நடமாட முடியாதவருக்கு, குழு ஒப்புக்கொண்டால், கவனிப்புப் படியாக மாதம் 500 வெள்ளி கூடும். இயலாமை நீடிக்கும் வரை, ஆயுள் முழுவதும் இது வரும். அவர் காலமானால் மனைவி பிள்ளைகளுக்குத் தொடரும். வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது சோற்றுக்குப் போதும். இந்தப் பகுதிக்கு எங்கள் பாராட்டு முழுமையானது.

சராசரி எடுப்பது நோட்டீஸுக்கு முந்தைய 24 மாதச் சம்பளத்திலிருந்துதான். அதனால்தான் மேலே சொன்ன குலைக் கணக்குக் கூலி முக்கியமாகிறது. தோள் வலியோடு மூன்று வருடம் இழுத்துப் பிடித்து, சம்பளம் 2,400இலிருந்து 1,700க்கு இறங்கிய பிறகு வருகிறவர், இறங்கிய சம்பளத்தின் கணக்கில்தான் வாங்குவார். இது திட்டத்தின் பெரிய குறை. உடம்பை வருத்தி உழைத்தவர் அதற்காகவே நட்டப்படுகிறார்.

இனி, மனு. ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் போகலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சுங்கை சிப்புட் ஆட்களுக்கு இரண்டாவது வழி பஸ் செலவை மிச்சப்படுத்தும், ஆனால் படம் பிடித்து ஏற்றிய காகிதம் மங்கலாக இருந்தால் திரும்பி வரும். வீட்டில் படித்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். இயலாமை நோட்டீஸ் பாரம், அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வேலையை விட்டிருந்தால் அதற்கான கடிதம் ஆகியவை வேண்டும். சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும், அதாவது நிரந்தரவாசிகளும், சந்தா கட்டியிருந்தால் தகுதியுள்ளவர்களே. அவர்களில் பலர் கேட்கவே தயங்குகிறார்கள்.

பெயர்ச் சிக்கலை முன்கூட்டியே பாருங்கள். 1990இல் 12 இலக்க அடையாள அட்டை எண் வந்தது. அதற்கு முன் வேலை தொடங்கியவர்களின் சந்தா பழைய எண்ணில் கிடக்கலாம். அந்தக் காலக் கிராணி காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். சொக்சோவில் ஒரு எழுத்து கூட, ஊழியர் சேமநிதியில் ஒரு எழுத்து குறைய, பிறப்புப் பத்திரத்தில் வேறொன்று என்று இருக்கும். சந்தா வரலாற்றைக் கேட்டு வாங்கி, முதல் சந்தா எந்த ஆண்டு என்று சரிபாருங்கள். பழைய எண்ணில் உள்ள மாதங்கள் இதில் சேரவில்லையென்றால், இரண்டையும் இணைக்கச் சொல்லி மனு கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

இந்தச் சேவையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காகிதம் மருத்துவ அறிக்கைதான். “தோள் வலி, லைட் டூட்டி கொடுக்கவும்” என்று ஒரு வரி இருந்தால், அந்த ஒரு வரியே மனுவை வீழ்த்தப் போதும். லைட் டூட்டி செய்ய முடியும் என்றால் மூன்றில் ஒரு பங்கு சம்பாதிக்க முடியும் என்றுதான் குழு எடுத்துக்கொள்ளும். அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் கேட்கவேண்டியது வேறு. கை எத்தனை பாகை வரை தூக்க முடிகிறது, எத்தனை கிலோ தூக்க முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, மேட்டில் ஏற முடிகிறதா, காலில் உணர்ச்சி எவ்வளவு, எந்தச் சிகிச்சையெல்லாம் முடிந்துவிட்டது, இனி தேற வாய்ப்பு உண்டா. இவ்வளவும் அறிக்கையில் இருக்கவேண்டும். கூடவே நீங்களே ஒரு பக்கம் உங்கள் வேலை என்னவென்று எழுதி இணையுங்கள்: எந்த ஆண்டு நட்ட மரம், எவ்வளவு நீளக் கம்பு, குலையின் எடை, ஒரு நாளைக்கு எத்தனை குலை, நிலம் சமமா மேடா. நகரத்து மருத்துவருக்குச் செம்பனை வெட்டு என்றால் கண்முன் வராது. அந்த ஒரு பக்கம் அதைக் கொண்டுவந்து காட்டும்.

குழுவின் முன் போகும் நாளில் எக்ஸ்ரே, ஸ்கேன், கிளினிக் அட்டை, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவர் அன்று மட்டும் ஊன்றுகோல் இல்லாமல் போகக்கூடாது. சொல்லவேண்டிய இன்னொன்று உண்டு, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது. நம் ஆட்கள் பெரிய மனிதர் முன் முறையிடக் கூச்சப்படுகிறவர்கள். “எப்படி இருக்கு ஐயா?” என்று மருத்துவர் கேட்டால், “பரவாயில்ல டாக்டர்” என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். கையைத் தூக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்ததைவிட உயரமாகத் தூக்கிக் காட்டுவார்கள். வீட்டில் சட்டை போட மனைவி கை கொடுக்கவேண்டிய அதே ஆள். குழுவுக்குத் தெரிவது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். வலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வலிக்கிறது என்று சொல்லுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் கூட ஒருவரை அழைத்துப் போக முன்பே அனுமதி கேளுங்கள்.

மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். அதே காகிதத்தை மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். மறுத்த காரணத்தைப் படித்து, அதற்கு விடை சொல்லும் புதிய அறிக்கையோடு போங்கள்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் கீழ் டயாலிசிஸ் உதவியும் உண்டு. தனியார் மையத்தில் தன் காசில் போய்வரும் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும். 40 வயதைத் தொட்டவர்களுக்கு இலவச உடல் பரிசோதனையும் சொக்சோ தருகிறது. 2013இல் தொடங்கியது. தோட்டத்தில் அந்த அழைப்புக் கடிதத்தைத் தட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இனிப்பு நீரை 40இல் கண்டுபிடித்தால் 54இல் டயாலிசிஸ் நாற்காலியைத் தவிர்க்க வழியுண்டு.

அடுத்து, ‘வேலைக்குத் திரும்பும் திட்டம்’. 2007இல் தொடங்கியது. இயலாமை மனு அல்லது வேலை விபத்து மனு கொடுத்தவருக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, உடற்பயிற்சிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு, தொழிற்பயிற்சி, முதலாளியோடு பேச்சு என்று கூட வருகிறார்கள். மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இல் திறந்தது. பேராக்காரர்களுக்கு இப்போது ஈப்போ மேருவிலேயே ஒரு மையம் இருக்கிறது. விழுந்து கை முறிந்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சையின் தரம் உயர்ந்தது, தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தோட்டத்துக்குத் திரும்புவது என்ற இடத்தில் திட்டம் தடுமாறுகிறது. தொழிற்சாலையில் நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்யும் வேலையாக மாற்றலாம். தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை எத்தனை? நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்புவது, உதிரிப் பழம் பொறுக்குவது, காவல், அலுவலகம் கூட்டுவது. உதிரி பொறுக்கவும் நாள் முழுவதும் குனியவேண்டும், இடுப்பு போனவருக்கு அது ஆகாது. மருந்து அடிப்பது இலேசான வேலை என்று நினைக்கிறார்கள். முதுகில் தொட்டியும் முகத்தில் கவசமும் மாட்டி மேட்டில் நடப்பது அப்படி ஒன்றும் இலேசில்லை. இருக்கும் நாலைந்து இடங்களும் நிறைந்திருக்கும். பொறுப்பாளர் தோட்டத்துக்கே நேரில் வந்து, மேலாளரோடும் மண்டோரோடும் (வேலை மேற்பார்வையாளர்) நின்று, எந்த வேலையை எப்படி மாற்றலாம் என்று பார்க்கும்போதுதான் ஏதாவது நடக்கிறது. வரச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

சின்னக் காயங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலை விபத்துத் திட்டத்துக்குச் சந்தா மாதக் கணக்கு கிடையாது, முதல் நாளே காப்பு. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளில் போகும் வழியும் சேரும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. (மருத்துவ விடுப்பு) இருந்தால் தினச் சம்பளத்தின் 80 விழுக்காடு. ஆனால் மட்டை கண்ணில் குத்தியது, மேட்டில் வழுக்கித் தோள் மடங்கியது என்றால் தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவதுதான் வழக்கம். கிளினிக்கில் இரண்டு நாள், மறுபடி இரண்டு நாள் என்று துண்டு துண்டாக எம்.சி. வாங்குவார்கள். பதிவே இல்லை. பத்து வருடம் கழித்து அதே தோள் முழுதாகப் போகும்போது, இது வேலையில் வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்கவேண்டும். அன்றே மண்டோரிடம் சொல்லி எழுதி வையுங்கள்.

இப்போது அந்த ராஜினாமாக் கடிதம். வயதானவர் அடிக்கடி எம்.சி. எடுக்கும்போது, “நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க, நல்ல பேரோட போகலாம்” என்று சொல்லப்படுவதுண்டு. அந்த ஒரு தாளில் மூன்று நட்டம். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதிப் படி இல்லை. நிர்வாகம் நிறுத்தினால் முதல் மாதம் 80 விழுக்காடு, பிறகு குறைந்துகொண்டே போய், அதிகபட்சம் ஆறு மாதம் வரை கிடைத்திருக்கும். 60 நாளுக்குள் கேட்கவேண்டும். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி வரும் வேலைநீக்க இழப்பீடும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம்; இருபது வருடத்துக்கு 400 நாள் சம்பளம் கையை விட்டுப் போகிறது. மூன்றாவது, 16 மாதக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்குகிறது. இயலாமை மனுவை வேலையில் இருக்கும்போதே கொடுக்கலாம். முதலில் மனு, பிறகு முடிவு, அதற்குப் பிறகுதான் வேலையை விடுவது பற்றிய பேச்சு. கையெழுத்துக் கேட்டால் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய், தொழிற்சங்கத்திடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

55 என்ற எண்ணும் பலரைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறது. சேமநிதிப் பணம் அந்த வயதில் எடுக்கலாம் என்பதால், 55 என்றாலே வேலை முடிந்தது என்று மனத்தில் பதிந்துவிட்டது. பணத்தை எடுக்க வேலையை விடவேண்டியதில்லை. எடுத்த பிறகும் வேலை செய்தால் முதலாளி 13 விழுக்காடும் நீங்கள் 11 விழுக்காடும் தொடர்ந்து கட்டவேண்டும். அது தனிக் கணக்கில் சேர்ந்து 60இல் கிடைக்கும். உடம்பு முடியாமல் போனவர் 55 ஆகும் முன்பே சேமநிதி முழுவதையும் எடுக்கலாம். அதோடு 5,000 வெள்ளி உதவியும் தருகிறார்கள். சொக்சோ ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தால் அங்கும் பேச வசதி.

கொந்தரக்கு ஆட்களைப் பற்றி ஒன்று. கொந்தரக்குக்காரரிடம் கூலி வாங்குகிறவரும் தொழிலாளிதான், அவருக்குச் சந்தா கட்டவேண்டியது கொந்தரக்குக்காரர். “நீ சொந்தத் தொழில் மாதிரி” என்று சொல்லிச் சுயதொழில் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் வேலை விபத்துக்குத்தான் காப்பு, இயலாமைக்கு இல்லை. 50க்கு மேல் இந்த மாற்றத்துக்குச் சம்மதிப்பது பென்சனை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். சொக்சோவிடம் புகார் செய்யலாம்.

பேரப்பிள்ளையைப் பார்க்கவோ, படுத்த மாமியாரைக் கவனிக்கவோ வேலையை விடும் பெண்களின் கணக்கு வேறு. அவர்கள் உடம்பு நன்றாக இருப்பதால் இலாட் பென்சன் பேச்சே எழாது. ஆனால் விட்ட பிறகு அவர்கள் எந்தக் காப்பும் இல்லாமல் நிற்கிறார்கள். 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இல்லத்தரசிகள் திட்டத்தில் வருடம் 120 வெள்ளி கட்டிச் சேரலாம், 2022 டிசம்பரில் தொடங்கியது. வீட்டு விபத்தோடு இயலாமையும் அதில் உண்டு. வேலையை விட்ட அதே மாதம் சேர்ந்துவிடுங்கள்.

இந்தச் சேவை தொடவே தொடாத இடம் வீடு. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. இலாட் பென்சன் ஒப்புதல் வந்து வேலை முடிந்தால் லயத்து வீட்டுச் சாவியையும் கேட்பார்கள். இதற்குப் பயந்தே முடியாத உடம்போடு பெரட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. மலிவு விலை வீடு கிடைத்ததும், 53 வயதுதான் என்றாலும், விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால் வீட்டை அவர் பெயருக்கு மாற்ற, மனு கொடுத்த கையோடு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், காலி செய்ய எத்தனை மாதத் தவணை என்பதை வாய்ப்பேச்சாக விடாமல், மேலாளர் கையெழுத்தோடு, வேலை முடியும் தேதி போட்ட அதே கடிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.